மிளகாய்க் கதையின் மிச்சப் பாதி

மோனை,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் உன் கடைக்கு முன்னால் நின்று போனில் யாருடனோ கையை வீசி வீசிக் கதைத்துக்கொண்டிருந்தாய், பஸ்சில் போகும்போது பார்த்தேன். நானும் அம்மாவும் சுகம்தான். எனக்குக் கோபத்தைத் தவிர வேறு வருத்தம் இல்லை, அதற்கு டொக்டரிடம் மருந்தும் இல்லை. சுகம் விசாரிக்கிற வேலை இதோடு முடிந்தது.

நான் சொல்லச் சொல்ல அம்மாதான் இதை எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை வருகிற இலவசத் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "வீட்டுக் கதையை ஏனப்பா ஊருக்குச் சொல்லுறியள்? அவனைக் கூப்பிட்டுக் கதையுங்கோவன்" என்றாள். கூப்பிடாமலா இருந்தேன்? நான் வாயைத் திறந்தால் "அப்பா, கஸ்டமர் வந்திட்டினம், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடை வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அழுகிறவனுக்கு என் போன் வரும்போது மட்டும் எங்கிருந்து கஸ்டமர் வருகிறார்களோ தெரியவில்லை. நீ உன் தடைக் கடிதத்தைத் தமிழ்க் கடை ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒட்டுவித்தாய். என் பதிலும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவர்கள் வாசிக்கிற இடத்தில்தான் வரவேண்டும்.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ நோபல் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாய். இந்தப் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர் சங்கத்துக்குச் செயலாளர். வியாபாரம் படுத்துவிட்டது என்று மாரிக்கு முன்னம் ஒரு கூட்டம் கூட்டி, 'எங்கட காசு எங்கட கைக்குள்ளை' என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாய். சங்கத்துக் கடைகள் இனி எங்கள் நாட்டுத் தமிழ் ஆட்களிடம் மட்டுமே சாமான் எடுக்கும். வியட்நாம்காரரின் பேக்கரிப் பாண் வேண்டாம், இந்தியக் கடைக்காரரின் இனிப்பு வேண்டாம், ஆப்கானியரின் ரொட்டி வேண்டாம். வருகிற ஞாயிறு அதை மரக்கறிக்கும் மீனுக்கும் அரிசிக்கும் நீட்டப் போகிறாய். நீட்டினால், வீட்டுக் கராஜில் மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற வசந்தி தன் தொழிலை மூடிவிட்டு சிட்னியில் இருக்கும் தமக்கையிடம் போய்விடுவாள். நான் கோபப்படுவது அதற்காக. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருகிற கதை. சுற்றித்தான் சொல்வேன், எனக்கு நேராகச் சொல்ல வராது.

முதலில் அந்தக் கூட்டத்தைப் பற்றி. மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் தேத்தண்ணியும் வசந்தி செய்த மட்டன் ரோல்சும். நீ மேடையில் ஏறி, நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு, என்னைக் கை காட்டினாய். "என்ர அப்பா அங்கை இருக்கிறார். அவரைக் கேளுங்கோ. எழுபதுகளிலை அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் நிப்பாட்டினது. நாட்டின்ர கேற்றைப் பூட்டினவுடனை எங்கட சனம் தலை நிமிந்தது. என்ர அப்பப்பா மிளகாயிலை கல்வீடு கட்டினவர். பூட்டினால்தான் பிழைக்கலாம் எண்டதுக்கு எங்கட வீடே சாட்சி" என்றாய். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ "அது எண்டால் உண்மை" என்றார். அந்த நேரம் என் வாய்க்குள் வசந்தியின் ரோல் இருந்தது. நான் அதை விழுங்கி முடிப்பதற்குள் நீ கை தூக்கச் சொல்லிவிட்டாய். அவள் பொரித்ததை மென்றுகொண்டே அவள் வயிற்றில் அடித்தது அந்த மண்டபம்.

என் கதையை எடுத்து ஆயுதமாக்கினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது என்ன கதை என்று உனக்குத் தெரியுமா? எங்கள் ஆட்கள் கலியாண வீடுகளில் அந்த மிளகாய்க் காலத்தைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். நான் தொடங்குவேன். செத்தல் மிளகாய் முற்றத்தில் சிவப்பாகக் காய்ந்தது, கொழும்பிலிருந்து லொறிகள் வரிசையில் வந்தன, என் தகப்பன் அப்பு என் தங்கச்சிக்கு நகை செய்தார். அந்த இடத்தில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். எழும்பிப் போய்விடுவார்கள். நீயும் சின்ன வயதிலிருந்து அந்த இடம் வரைக்கும்தான் கேட்டிருக்கிறாய். உலகம் முழுக்கப் பரந்து கிடக்கிற எங்கள் சனத்தில் பாதிப் பேர் அந்த அரைக் கதையைத்தான் கொண்டு திரிகிறார்கள். பூட்டினால் பொன் விளையும் என்று நினைக்கிறார்கள். மிச்சப் பாதியை இப்போது கேள். இங்கே சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆள் இல்லை.

கிளிநொச்சிப் பக்கம், பரந்தனுக்கு உள்ளே எங்கள் தோட்டம். கேற்றைப் பூட்டினார்கள், மிளகாய் விலை ஏறியது, உண்மை. அப்பு சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு விலையைப் பற்றியே கதைத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் மிளகாய்க்கு மட்டுமா பூட்டுப் போட்டார்கள்? வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் போட்டார்கள். அந்த நேரம் உலகமே எண்ணெய் விலையால் ஆடிப்போயிருந்தது, எங்கள் அரசாங்கத்திடம் வெளிநாட்டுக் காசு இல்லை. பாணுக்கு விடிய முன்னமே வரிசை. துணிக்குக் கூப்பன். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோனால் ரோட்டில் மறித்துப் பறிப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. லொறி வருகிறபோது மூட்டை தூக்க ஆள் வேண்டும், நல்ல விலை, பிறகு படிக்கலாம் என்றார் அப்பு. அந்தப் 'பிறகு' இன்றைக்கும் வரவில்லை. சரி, அது வேறு கதை.

எங்களிடம் ஒரு ஜப்பான் தண்ணீர்ப் பம்ப் இருந்தது. செடி பூத்து நிற்கிற நேரம் அது நின்றுவிட்டது. கிளிநொச்சியில் இருந்த மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, விரல் மோதிரம் அளவு ஒரு ரப்பர் வளையத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் பழுதாப் போச்சுது. புதுசு வராது. சாமானுக்குத் தடை" என்றார். அப்பு, "மிளகாய்க்குத் தானே தடை?" என்று கேட்டார். அந்த மனிசன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "கேற் எண்டால் எல்லாத்துக்கும்தான் அண்ணை. உங்கட மிளகாயை மட்டும் பாத்துப் பூட்ட அதுக்குக் கண் இருக்கே?" என்றார். பழைய டயர் ட்யூபை வெட்டி வளையம் செய்து போட்டார். ஒரு கிழமை ஓடியது. பிறகு திரும்பவும் நின்றது. அப்பு வாளியால் இறைத்தார், நான் இறைத்தேன், என்னைப் பெற்ற அம்மாவும் இறைத்தா. பாதித் தோட்டம் பூவோடு கருகியது. விலை உச்சத்தில் நிற்கிறது, செடி செத்து நிற்கிறது. அன்றைக்கு அப்பு வரம்பில் இருந்து அழுததை நான் எந்தக் கலியாண வீட்டிலும் சொன்னதில்லை, ஏனென்றால் எவரும் கேட்டதில்லை.

லொறிக்காரர் ஒருவர் தெற்கே தம்புள்ளைப் பக்கம். அவர் தன் வீட்டில் சம்பலுக்கு மிளகாயை எண்ணிப் போடுகிறார்கள் என்று அப்புவிடம் சொன்னார். எங்கள் முற்றத்தில் மலைபோல் கிடக்கிறது, அங்கே ஒரு தாய் எண்ணிப் போடுகிறாள். எங்கள் நல்ல காலத்தை அவள்தான் சுமந்திருக்கிறாள். அவளிடம் மிளகாய்க்கே காசு போனதென்றால் செருப்பு வாங்க மாட்டாள், சீத்தைத் துணி வாங்க மாட்டாள். செருப்புத் தைக்கிறவன் எங்கள் மிளகாயை வாங்க மாட்டான். அப்படியே ஒவ்வொருவராகக் கையைச் சுருக்கினார்கள்.

நீ சொல்வாய், "பிறகு திறந்துவிட்டபோதுதானே அப்பா நீங்கள் விழுந்தீர்கள்" என்று. கூட்டத்தன்றைக்கும் சொன்னாய். ஓம், விழுந்தோம். திறந்ததும் வெளிநாட்டு மிளகாய் வந்து குவிந்தது, எங்கள் மூட்டை சாக்கோடு பூஞ்சணம் பிடித்தது. அது அநியாயம், ஒரே இரவில் திறந்தவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நாங்கள் ஏன் அப்படி விழுந்தோம்? பூட்டியிருந்த காலம் முழுக்க வேறெதையும் பழகவில்லை. நெல்லை விட்டோம், பயற்றை விட்டோம், எல்லாரும் மிளகாய்தான். கேற் ஒருநாளும் திறக்காது என்று நினைத்து அதில் சாய்ந்துகொண்டு நின்றோம். திறந்தபோது முகம் குப்புற விழாமல் என்ன செய்வோம்?

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்த டண்டினோங் தொழிற்சாலை உனக்குத் தெரியும். சின்ன வயதில் கிறிஸ்மஸ் பார்ட்டிக்கு வந்து கேக்கைக் காற்சட்டைப் பைக்குள் போட்டாயே, அந்த இடம். அங்கே வார்க்கிற அலுமினியப் பாகங்கள் கப்பலில் அமெரிக்காவுக்குப் போகும். அவர்கள் வெளிநாட்டுச் சாமானுக்கு வரியை ஏற்றினார்கள். முதலில் ஓவர்டைம் போனது, பிறகு ஒரு ஷிப்ட் முழுக்கப் போனது. எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அந்த ஷிப்டில் நின்றார்கள் என்று உனக்கே தெரியும், எல்லாரும் உன் கடைக்கு வருகிறவர்கள்.

சரி, வரி போட்டவனாவது நன்றாக இருக்கிறானா? அமெரிக்காவுக்குப் பக்கத்து நாட்டில், ஸ்காபரோவில் இருக்கிற என் கூட்டாளி தேவனைக் கேட்டேன். அவன் கார்ப் பாகம் செய்கிற இடத்தில் வேலை. "மச்சான், ஒரு சாமான் முடிய முன்னம் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தினை தரம் போய் வரும் தெரியுமோ? இப்ப போகேக்கையும் வரி, வரேக்கையும் வரி. அங்கை கார் செய்யிறவனுக்கும் சாமான் விலை ஏறிப்போச்சு, அவனும் ஆக்களை நிப்பாட்டுறான். என்னை வீட்டிலை இருக்கச் சொல்லிட்டாங்கள். மனிசி என்னை வீடு கூட்டுற வாக்குவம் பிடிக்க விட்டிருக்கிறா" என்றான். கிளிநொச்சியில் உன் மச்சாள் அந்த அமெரிக்காவுக்குத்தான் காற்சட்டை தைக்கிறாள். அவளுக்கும் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். தேவன் இந்த வருடம் புதுக் காற்சட்டை வாங்க மாட்டான். உன் மச்சாள் தகப்பனின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற மாட்டாள். ஷிப்ட் போன டண்டினோங்காரன் மகளின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுக்க மாட்டான். உன் கடையில் ஆள் இல்லை. இதில் யார் யாருடைய காசைத் திருடினார்கள் என்று சொல்லு பார்ப்போம். ஒருவரும் திருடவில்லை. எல்லாரும் கையை மூடினார்கள், நடுவில் இருந்த காசு காணாமல் போனது.

தமிழ் ரேடியோவில் பெரிய படிப்புப் படித்த ஒரு பிள்ளை கதைத்தா. என் அப்பு பிறந்த காலத்திலும் உலகம் முழுக்க இப்படி ஒரு பெரிய மந்தம் வந்ததாம். அமெரிக்கா தன் ஆட்களைக் காப்பாற்றுகிறேன் என்று வரியை ஏற்றியதாம், மற்ற நாடுகள் பதிலுக்கு ஏற்றினவாம், கப்பல்கள் சும்மா நின்றனவாம். "வரி மட்டும்தான் அந்த மந்தத்துக்குக் காரணம் எண்டு சொல்ல மாட்டன், ஆனால் விழுந்தவன் எழும்பாமல் பிடிச்சு வைச்சது" என்றா அந்தப் பிள்ளை. நான் குசினிக்குள் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "வெங்காயத்துக்கோ மகனுக்கோ கண் கலங்குது?" என்றாள். இரண்டுக்கும்தான் என்றேன்.

நாட்டுக் கதையை நாடுகள் பார்க்கட்டும். நீ செய்த கதைக்கு வருகிறேன். உன் கடையில் விற்ற ரோஸ்ட் பாண் ட்ரானின் பேக்கரியில் சுட்டது. வியட்நாம்காரர், எங்கள் ஆட்கள் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பாணைச் சுடப் பழகினார். மேல் கருகி, உள்ளே பஞ்சாக, சம்பலுக்கென்றே பிறந்த பாண். அதை நிப்பாட்டி, எங்கேயோ தொலைவில் இருக்கிற எங்கள் ஆள் ஒருவரிடம் எடுத்தாய். எங்கள் ஆள் என்பதற்காக நானும் வாங்கித் தின்றேன், பல்லுக்குக் கேடு. ட்ரான் என்ன செய்தார்? தன் கண்ணாடிப் பெட்டிக்குள் காலையில் வைக்கிற வசந்தியின் ரோல்சை வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பெட்டியிலிருந்துதான் டண்டினோங் லொறிக்காரன் முதல் பள்ளிக்கூட வாத்தி வரைக்கும் அவளுடைய ரோல்சைத் தின்றது. அடுத்தது, தன் இனிப்பு நின்ற கோபத்தில் இந்தியக் கடைக்காரர் திருநெல்வேலி அண்ணாச்சி உன் கறித்தூள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். ரோட்டில் என்னைக் கண்டபோது, "ஏன் சார், நாங்க தமிழ் இல்லையா? உங்க பையன் எந்தக் கணக்குல எங்கள வெளிய நிறுத்துனாரு?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்கு இந்த வயதில் தலை குனிகிற வேலை வைத்தாய். நீயோ திருந்தவில்லை. அவர்கள் செய்ததைப் பார்த்தீர்களா என்று இன்னும் இறுக்கினாய். பதிலுக்கு அவர்கள் தங்கள் கடைகளில் வசந்தியின் மீன் பட்டிஸ் பலகாரத்தையும் நிப்பாட்டினார்கள்.

அவளிடம் வேலைக்கு நின்ற இரண்டு பெண்களையும் அனுப்பிவிட்டாள். சென்ற கிழமை நீ என்னிடம், "வசந்தியக்கா இப்ப கடைக்கு வாறேல்லை. எங்கட சனத்துக்கு விசுவாசம் இல்லை, சூப்பர் மார்க்கெட்டிலை வாங்கினம் போலை" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எங்குமே வாங்கவில்லை. ரோல்ஸ் இல்லையென்றால் மா எதற்கு, எண்ணெய் எதற்கு, ரின்னில் அடைத்த மீன் எதற்கு? உன் கடையில் கிழமைக்குக் கிழமை பெட்டி பெட்டியாகத் தூக்கிப்போனவள் அவள். ட்ரானுக்கு நீ போட்ட பூட்டு, சுற்றி வந்து உன் கடைக் கதவில் தொங்குகிறது. இன்னும் இரண்டு பூட்டுப் போட்டால் சரியாகும் என்கிறாய்.

வசந்தி யார் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் சொல்லப் போகிறேன். மன்னார்க்காரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. நாங்கள் வந்த புதிதில் சிட்னிப் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்கு வான் பிடித்துப் போனோமே, அவளும் வந்தாள். "எனக்குப் பெருமாளோடை வேலை இல்லை அண்ணை, காட்டைப் பாக்க வாறன்" என்றாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், கார்கள் நிற்கிற இடத்துக்கும் அப்பால் ரோட்டோரம் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறாள், மட்டன் ரோல்ஸ். அம்மா பதறிப்போய், "வசந்தி, கோயிலடியிலை என்ன வேலை இது?" என்றாள். "அக்கா, நான் வேலிக்கு எவ்வளவு தூரம் எண்டு பாத்துத்தான் நிக்கிறன். உங்கட சாமி கண்ணாடி போட்டாலும் தெரியாது" என்றாள். நீ அம்மாவுக்குத் தெரியாமல் வானுக்குப் பின்னால் போய்த் தின்றாய். நெற்றியில் திருநீறும் நாமமும், வாயைச் சுற்றி ரோல் தூள். பிறகு அம்மாவுக்கு சத்திரசிகிச்சை நடந்த மாதம் உனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கட்டித் தந்தது யார் என்று கண்ணாடியைப் பார்த்துக் கேள். நன்றிக்கடனுக்காக ஒரு சட்டத்தை மாற்று என்று நான் கேட்கவில்லை. சட்டம் பிழை, அதனால் மாற்று என்கிறேன். பிழையான சட்டம் முதலில் யாரைக் கடிக்கும் என்று பார், அதற்காகத்தான் அவளைக் காட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் ட்ரானிடம் போனேன். எனக்கும் அவருக்கும் சேர்த்து ஆறேழு இங்கிலிஷ் சொல்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "வசந்தி ரோல், ஏன் நோ?" என்றேன். அவர் உன் கடைப்பக்கம் விரலை நீட்டி, "யுவர் சன், மை பிரெட், நோ" என்றார். "வசந்தி நோ மை சன்" என்றேன் நான். அவருக்கு வசந்தி என் மகனின் மனைவி இல்லை என்று விளங்கியதோ, அவளுக்கும் உனக்கும் தொடர்பில்லை என்று விளங்கியதோ தெரியவில்லை, நெடுநேரம் தலையை ஆட்டினார். பிறகு தன் மருமகளைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை நன்றாகச் சொன்னா. மாமாவுக்கு வசந்தியில் கோபம் இல்லை, அவளுடைய ரோல்ஸ் இல்லாமல் காலை வியாபாரமே குறைந்துவிட்டது, ஆனால் தன் பாணை வேண்டாம் என்று கண்ணாடியில் ஒட்டிவிட்டு அவர்களின் பலகாரத்தை மட்டும் வைக்கச் சொன்னால் எப்படி என்கிறார், கடிதத்தைக் கிழித்தால் அடுத்த நாள் காலையிலேயே ரோல்ஸ் பெட்டிக்குள் இருக்கும் என்கிறார். கேட்டாயா? அந்த மனிசனும் நட்டத்தில் நிற்கிறார். நீயும் நட்டத்தில் நிற்கிறாய். யார் முதலில் கையை எடுப்பது என்று பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருத்தியின் கழுத்தில் கையை வைத்திருக்கிறீர்கள். நீ தொடங்கினாய், நீதான் முதலில் எடுக்கவேண்டும்.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. கடை வாடகை ஏறுகிறது, வீட்டுக் கடன் வட்டி கழுத்தை நெரிக்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஆள் இல்லாத கடையில் காலையிலிருந்து நிற்பது என்ன வேதனை என்று எனக்கு விளங்கும். பயந்தவன் கதவைப் பூட்டுவான். அதனால்தான் பயந்தவன் கையில் பூட்டும் திறப்பும் கொடுக்கக் கூடாது. நல்ல காலத்தில் நீ இப்படிப் பூட்டியிருந்தால் கொஞ்சம் நட்டத்தோடு போயிருக்கும், எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். எல்லாரும் இளைத்துப்போயிருக்கிற நேரத்தில் பூட்டினால், மிச்சம் இருக்கிற கொஞ்ச ஓட்டமும் நிற்கும். உன்னால் அமெரிக்காவின் வரியை மாற்ற முடியாது. என்னாலும் முடியாது. தேவனால் வாக்குவம்தான் பிடிக்க முடியும். ஆனால் நோபல் பார்க்கில் ஒரு கண்ணாடியில் ஒட்டியிருக்கிற கடிதத்தைக் கிழிக்க உன்னால் முடியும். பெரியவர்கள் செய்கிற மடத்தனத்தைச் சின்ன அளவில் செய்து பார்ப்பது கெட்டித்தனம் என்று யார் உனக்குச் சொன்னது?

என் கதையை இனி எந்த மேடையிலும் சொல்லாதே. சொல்வதென்றால் ரப்பர் வளையத்தோடு சொல். அப்பு வரம்பில் இருந்ததோடு சொல். தம்புள்ளைத் தாய் மிளகாய் எண்ணியதோடு சொல். அதைச் சொல்லிவிட்டுக் கை தூக்கச் சொல், எத்தனை கை எழும்புகிறது என்று பார்ப்போம்.

அம்மா எழுதி எழுதிக் கை நோகிறது என்கிறாள். தன் பங்குக்கு ஒன்று எழுதவேண்டுமாம். "தம்பி, அப்பா சத்தம் போடுறார் எண்டு கோவிக்காதை. ஆனால் அவர் சொல்லுறது சரி. சங்கத்திலை நீ மாறினால் மரியாதை போயிடும் எண்டு நினைக்கிறாய். மாறாட்டில்தான் போகும்." இதை அவளே எழுதினாள், நான் சொல்லவில்லை.

நேற்று வசந்தி வீட்டுக்குப் போனேன். கராஜில் இருக்கிற பெரிய பொரிக்கிற மெஷினைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன பிள்ளை, ஓடரோ?" என்று சந்தோசமாகக் கேட்டேன். "இல்லை அண்ணை, விக்கப் போறன். திங்கக்கிழமை ஒரு ஆள் பாக்க வாறார். அழுக்கா இருந்தால் விலை சொல்லேலாது" என்றாள். சிட்னியில் தமக்கை ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்த்து வைத்திருக்கிறாவாம். "எனக்கு வேலை பிரச்சனை இல்லை. நிலம் கூட்டினாலும் சம்பளம் வரும். ஆனால் இந்த வயசிலை இன்னொருத்தற்றை குசினியைப் பாத்து வெளியிலை நிக்கிறதுதான் கஷ்டம்" என்றாள். உன்னைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நான் அவளிடம், திங்கட்கிழமை வருகிறவனுக்கு இன்னும் முடிவு சொல்லாதே, ஞாயிறு பின்னேரம் கூட்டம் முடிந்ததும் நான் போன் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள் அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு இருப்பாள். நான் என்ன சொல்லவேண்டும் என்பதை நீதான் எனக்குச் சொல்லவேண்டும்.

அப்பா